முட்டை ஓடு வெள்ளைக்கருவோடு சேர்ந்து பிய்ந்து வருகிறதா? கோளாறு உங்கள் கையில் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை காலை. ரூமில் நாலு பேர், அடுப்பில் எட்டு முட்டை. வெந்து, ஆறி, உரிக்க உட்கார்ந்தால் முதல் முட்டை வழுவழுவென்று வந்துவிடுகிறது. இரண்டாவது முட்டையில் ஓடு சில்லுச் சில்லாக உடைகிறது. ஒவ்வொரு சில்லோடும் ஒரு துண்டு வெள்ளைக்கருவும் சேர்ந்து பிய்கிறது. ஐந்தாவது முட்டைக்கு வரும்போது தட்டில் இருப்பது முட்டையா, நிலாவின் மேற்பரப்பா என்று சந்தேகமே வந்துவிடும். "உனக்கு உரிக்கவே தெரியலடா" என்று யாராவது ஒருத்தர் தலையில் பழி விழும்.

பாவம், அவர் மேல் தப்பில்லை. முட்டை அடுப்பில் ஏறிய முதல் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே, அது சுலபமாக உரியுமா, படுத்துமா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. உரிக்கிற கைக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இருப்பது வெள்ளைக்கருவில். ஜிம்முக்குப் போகிறவர்கள் மஞ்சள்கருவை ஒதுக்கிவைத்துவிட்டு வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைக்கருவே ஓட்டோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போனால் எப்படி?

ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் சவ்வு

ஓட்டுக்கும் வெள்ளைக்கருவுக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. உண்மையில் அது ஒன்று அல்ல, இரண்டு. வெளிச்சவ்வு ஓட்டோடு ஒட்டியிருக்கும். உள்சவ்வு வெள்ளைக்கருவைத் தொட்டுக்கொண்டிருக்கும். முட்டையின் அகன்ற பக்கத்தில் மட்டும் இந்த இரண்டும் பிரிந்து, நடுவில் காற்று தங்க ஒரு சிறிய அறை உருவாகிறது. கோழியின் உடல் சூட்டில் இருந்து வெளியே வந்த முட்டை ஆறும்போது உள்ளே இருப்பது லேசாகச் சுருங்கும். அந்த இடத்தில் வெளிக்காற்று புகுந்துகொள்கிறது. வேகவைத்த முட்டையின் அடியில் தெரியும் பள்ளம் அந்த அறை இருந்த இடம்தான்.

வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டால் உரிப்பது கஷ்டம். ஒட்டாமல் இருந்தால், சவ்வைப் பிடித்து இழுத்ததும் ஓடு முழுசாகக் கழன்று வரும். விஷயம் இவ்வளவுதான்.

இந்தச் சவ்வு இன்னொரு வம்பிலும் மாட்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு ஒரு முறை வாட்ஸ்அப்பில் "பிளாஸ்டிக் முட்டை" வீடியோ சுற்றும். முட்டையை உடைத்து, உள்ளே இருந்து காகிதம் போல ஒன்றை இழுத்துக்காட்டி, "பாருங்க, பிளாஸ்டிக்!" என்பார்கள். பல வீடியோக்களில் அவர்கள் இழுத்துக் காட்டுவது இந்தச் சவ்வைத்தான். அது புரத நாரால் ஆனது. எல்லா முட்டையிலும் இருக்கும். தீயில் காட்டினால் முடி கருகுவது போலக் கருகும், நாற்றமும் அப்படித்தான் அடிக்கும். பிளாஸ்டிக் முட்டை என்பது வெறும் கட்டுக்கதை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே விளக்கம் கொடுத்துவிட்டது. வீடியோ நின்றபாடில்லை. அது கிளப்பும் பயத்தில் நஷ்டப்படுவது கடைக்காரரும் பண்ணைக்காரரும்.

புது முட்டைதான் படுத்தும்

ஊரில் இருந்து வரும்போது அம்மா கொடுத்தனுப்பிய நாட்டுக்கோழி முட்டை. முந்தின நாள்தான் போட்டது. ஆசையாக வேகவைத்து உரித்தால், கடை முட்டையை விட மோசமாகப் பிய்கிறது. "நாட்டு முட்டைன்னா ஓடு கெட்டி, அதான்" என்று சமாதானம் சொல்வார்கள். உண்மையான காரணம் அது புதுசாக இருப்பதுதான்.

இப்போதுதான் போட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அதனால் அதன் பிஎச் அளவு 8-க்குப் பக்கத்தில் இருக்கும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. நாள் போகப் போக அவற்றின் வழியாக அந்த வாயு கசிந்து வெளியேறும். பிஎச் 9-ஐத் தாண்டி ஏறும். பிஎச் குறைவாக இருக்கும் வெள்ளைக்கரு, வேகும்போது உள்சவ்வை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிஎச் ஏறியது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஒரு வாரம் ஆன முட்டை சுலபமாக உரிவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே, முட்டை வாங்கி வந்ததும் அட்டையில் தேதியைக் கிறுக்கி வையுங்கள். புதுசை ஆம்லெட்டுக்கும் ஹாஃப் பாயிலுக்கும் எடுங்கள். பழசை வேகவைக்க எடுங்கள். (தமிழ்நாட்டு ஹாஃப் பாயிலுக்கும் வேகவைப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியவே புரியாது. தோசைக்கல்லில் ஊற்றுவதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் நம்மிடமும் பதில் இல்லை.)

தேதி தெரியாத முட்டையா? ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக்கொண்டால் புதுசு. அடியிலேயே இருந்தபடி எழுந்து நின்றால் கொஞ்சம் நாள் ஆனது, வேகவைக்க அருமையானது. மிதந்தால் ரொம்பப் பழசு, அதை விட்டுவிடுவது நல்லது. நாள் ஆக ஆக உள்ளே ஈரம் குறைந்து அந்தக் காற்று அறை பெரிதாகிறது. அதனால்தான் முட்டை எழும்புகிறது.

பச்சைத் தண்ணீரில் போடுவதுதான் அந்தத் தவறு

"முட்டையைப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வை." நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முட்டை வெடிக்காது என்பது இதன் நல்ல பக்கம். ஆனால், உரிப்பதற்கு இதைவிட மோசமான வழி இல்லை.

தண்ணீர் மெதுவாகச் சூடாகும்போது வெள்ளைக்கருவும் மெதுவாக இறுகுகிறது. அந்த நேரத்தில் அது சவ்வோடு பின்னிப் பிணைந்துவிடுகிறது. நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால், வெள்ளைக்கருவின் வெளிப்புறம் சட்டென்று இறுகி, தன்னோடு தானே சேர்ந்து சுருங்கிக்கொள்கிறது. சவ்வோடு பிணைய அதற்கு நேரம் கிடைப்பதில்லை. சமையல் அறிவியல் எழுதுபவர்கள் சொல்லும் விளக்கம் இது.

வெறும் விளக்கத்தோடு நிற்காமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க சமையல் எழுத்தாளர் ஜே.கெஞ்சி லோபஸ்-ஆல்ட் இந்த ஒரு விஷயத்துக்காகப் பல வருடங்களாக முட்டை வேகவைத்துக்கொண்டிருப்பவர். 2019-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காக அவர் நடத்திய சோதனையில், தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கான முட்டைகளை உரித்தார்கள். எந்த முட்டை எப்படி வெந்தது என்பது உரித்தவர்களுக்குத் தெரியாது. கடைசியில் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது முட்டை சூட்டில் தொடங்கியதா, குளிர்ச்சியில் தொடங்கியதா என்பதுதான். கொதிநீர் அல்லது நீராவியில் தொடங்கிய முட்டைகள் சுலபமாக உரிந்தன.

செய்முறை ரொம்ப எளிது. முட்டை மூழ்கி மேலே ஒரு விரற்கடை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து, நன்றாகக் கொதிக்க விடுங்கள். தீயைக் குறைத்துவிட்டு, முட்டையைக் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக மெதுவாக இறக்குங்கள். மேலே இருந்து "டபக்"கென்று போட்டால் அடியில் மோதி ஓடு கீறிவிடும். இறக்கிய பிறகு தளதளவென்று கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. லேசாகக் குமிழி வந்தாலும், பொங்கிக் கொதித்தாலும் தண்ணீரின் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். தீயைக் கூட்டினால் கேஸ் தான் காலி. போதாக்குறைக்கு முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உடையும்.

ஃப்ரிட்ஜில் இருந்து நேராக எடுத்துக் கொதிநீரில் போட்டால் ஓடு விரிசல் விட வாய்ப்பு அதிகம். பத்து, பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு கீறினால் பதற வேண்டாம். வெளியே வந்த வெள்ளைக்கரு நூல் நூலாக வெந்து நிற்கும், அவ்வளவுதான். தண்ணீரில் போடும் உப்புக்கு உருப்படியான வேலை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான். கசியும் வெள்ளைக்கருவைச் சீக்கிரம் இறுக வைத்து ஓட்டையை அடைக்க அது உதவும்.

கொதிநீரில் கை வைக்கவே பயமாக இருக்கிறதா? நம் வீட்டிலேயே இதற்கு ஒரு கருவி இருக்கிறது. இட்லிப் பானை.

நீராவியின் சூடும் 100 டிகிரிதான். அதனால் முட்டை உடனே சூட்டில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீரில் மிதந்து மோதிக்கொள்வதும் இல்லை. கீழே இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஆவி நன்றாக வந்த பிறகு, இட்லிக் குழிக்கு ஒன்றாக முட்டையை வைத்து மூடிவிடுங்கள். ஒரே ஒரு தட்டுதான் வைக்க முடியும். இரண்டு அடுக்கு வைத்தால் முட்டை இடிக்கும். ஆவி வருவதற்கு முன்பே முட்டையை உள்ளே வைத்துவிட்டால் பழைய கதைதான். ஆன்லைனில் விற்கும் எலக்ட்ரிக் எக் பாய்லரும் இதே ஆவி வேலையைத்தான் செய்கிறது. அதிலும் கொஞ்சம் தண்ணீர்தான் ஊற்றுவோம் என்பதால் சீக்கிரமே ஆவி கிளம்பிவிடும்.

குக்கரில் வைத்தால் ஓடு நன்றாகவே கழன்று வரும். ஆனால் உள்ளே சூடு 120 டிகிரி வரை போகும். எந்த நிமிடத்தில் முட்டை என்ன ஆனது என்று எட்டிப் பார்க்க வழியில்லை. விசில் வர எடுக்கும் நேரமும் குக்கருக்குக் குக்கர் மாறும். அரை நிமிடம் தவறினால் வெள்ளைக்கரு ரப்பர். பிரியாணிக்கு முப்பது முட்டை என்றால் குக்கர் சரி, மாவு மாதிரி உதிராத மஞ்சள்கரு வேண்டும் என்றால் குக்கர் சரிப்படாது.

யூடியூப் சொல்லும் 12 நிமிடம் நமக்கு எதற்கு?

வெளிநாட்டு சமையல் வீடியோவில் "12 நிமிடம்" என்பார்கள். அதை அப்படியே செய்தால் நம்ம முட்டை அளவுக்கு மீறி வெந்துவிடும். காரணம் இரண்டு.

ஒன்று, அளவு. அங்கே "லார்ஜ்" என்று விற்கும் முட்டை ஓட்டோடு சராசரியாக 57 கிராம். நம் அக்மார்க் தரப்படி 45 முதல் 52 கிராம் வரை "மீடியம்", 53 முதல் 59 வரைதான் "லார்ஜ்". தெருமுனைக் கடையில் நாம் சாதாரணமாக வாங்குவது மீடியம் பக்கம்தான். முட்டை சிறுத்தால் சூடு நடுவுக்குப் போகும் தூரமும் குறையும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. அங்கே முட்டை ஃப்ரிட்ஜில் இருந்து 4 டிகிரியில் வெளியே வரும். இங்கே கடையில் அட்டை அட்டையாக வெளியிலேயே அடுக்கியிருக்கும். சென்னை வெயிலில் அது 30 டிகிரிக்குக் குறையாது. வேகத் தொடங்கும் முன்பே நம்ம முட்டை பாதி தூரம் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வெளியில் வைத்திருந்த மீடியம் முட்டையைக் கொதிநீரில் போட்டால், 5 முதல் 6 நிமிடத்தில் மஞ்சள்கரு ஒழுகும் பதம். 7 நிமிடத்தில் ஜாம் பதம். ராமென் கிண்ணத்தில் பாதியாக வெட்டி வைப்பார்களே, கிட்டத்தட்ட அது. 9 நிமிடத்தில் முழுசாக வெந்துவிடும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த முட்டை என்றால் எல்லாவற்றோடும் ஒன்றரை, இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இட்லிப் பானையிலும் இதே கணக்குதான், மூடியை அடிக்கடி திறக்காமல் இருந்தால். உங்கள் அடுப்பு வேறு, பாத்திரம் வேறு. எனவே முதல் தடவை ஒரு முட்டை கூடுதலாகப் போட்டு, 8-வது நிமிடத்தில் எடுத்து அறுத்துப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

வார இறுதியில் ஊட்டியில் ரூம் போட்டு சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உயரம் சுமார் 2,240 மீட்டர். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் முட்டை வேக இன்னும் ஓரிரு நிமிடம் ஆகும். "ஊட்டி முட்டை வேகவே மாட்டேங்குது" என்று புலம்ப வேண்டாம்.

மஞ்சள்கருவைச் சுற்றி அந்தப் பச்சை வளையம்

அளவுக்கு மீறி வெந்ததன் அடையாளம் இது. வெள்ளைக்கருவில் உள்ள கந்தகம் சூட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகிறது. மஞ்சள்கருவில் இரும்புச்சத்து உண்டு. இரண்டும் சந்திக்கும் எல்லையில் இரும்பு சல்ஃபைடு உருவாகி, சாம்பல் கலந்த பச்சையாகத் தெரிகிறது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. "முட்டை கெட்டுப்போச்சு" என்று மஞ்சள்கருவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கந்தக வாசனையும், வாயில் ஒட்டும் வறட்சியும் இருக்கத்தான் செய்யும். நேரத்துக்கு எடுத்து உடனே குளிரவைத்தால் இந்த வளையம் பெரும்பாலும் வராது.

குளிரவைப்பது என்றால் குழாய்த் தண்ணீரை ஒரு தடவை ஊற்றுவது இல்லை. மே மாதம் மத்தியானம் மொட்டை மாடி டேங்க்கில் இருந்து வரும் தண்ணீரில் குளிக்கவே முடியாது, அதில் முட்டை எங்கே ஆறும்? ஐஸ் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் பாட்டில் தண்ணீர், அல்லது பானைத் தண்ணீர். தண்ணீர் வெதுவெதுப்பானதும் கொட்டிவிட்டு மாற்றுங்கள். அடுப்பில் இருந்து எடுத்த பிறகும் முட்டைக்குள் இருக்கும் சூடு வேலை செய்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தத்தான் இந்தக் குளியல். ஓடு கழல்வதற்கு இதுதான் மந்திரம் என்று பலர் நம்புகிறார்கள். பச்சைத் தண்ணீரில் வேகவைத்துவிட்டு ஐஸில் முக்கியெடுத்தால், ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை அந்த ஐஸ் பிரிக்காது.

உரிக்கும்போது அகன்ற பக்கத்தில் தட்டித் தொடங்குங்கள். காற்று அறை இருப்பதால் அங்கே விரல் சுலபமாகச் சவ்வுக்கு அடியில் நுழையும். பிறகு முட்டையை மேடையில் வைத்து உள்ளங்கையால் லேசாக உருட்டினால் ஓடு முழுக்க விரிசல் விடும். ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்தோ, குழாயடியில் பிடித்தோ உரித்தால், தண்ணீர் சவ்வுக்கும் வெள்ளைக்கருவுக்கும் நடுவில் புகுந்து நம் வேலையில் பாதியைச் செய்துவிடும். ஓட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்காமல் சவ்வைப் பிடியுங்கள்.

நிறைய முட்டை என்றால் ஒவ்வொன்றாகத் தட்டி முடியாது. தமிழ்நாட்டில் சத்துணவு மையங்களில் பள்ளி நாட்களில் பிள்ளைகளுக்கு முட்டை உண்டு. 150 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் மதிய மணி அடிப்பதற்குள் ஏறக்குறைய அத்தனை முட்டையும் உரிந்திருக்க வேண்டும். பிரியாணிக் கடைகளிலும் இதே கதைதான். இந்த மாதிரி மொத்தமாக உரிக்க ஒரு கைவழி உண்டு. ஆறின முட்டைகளை ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு லேசாகக் குலுக்கினால், ஒன்றோடொன்று மோதி எல்லா ஓடும் ஒரே நேரத்தில் நொறுங்கிவிடும். வீட்டில் நாலு முட்டைக்கும் டிபன் டப்பாவில் இதைச் செய்யலாம். நன்றாக வெந்த முட்டைக்கு மட்டும். ஜாம் பதத்தில் இருப்பதைக் குலுக்கினால் டப்பாவைக் கழுவும் வேலைதான் மிஞ்சும்.

எவ்வளவு பார்த்தும் பிய்ந்துவிட்டதா? குழம்பில் போட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை. பச்சை முட்டையை நேராகக் கொதிக்கும் குழம்பில் உடைத்து ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. உரிக்கிற தொல்லையே இல்லாத முட்டைக்குழம்பு.

ஆப்ப சோடா, வினிகர், எலுமிச்சை, எண்ணெய்...

இன்ஸ்டா ரீல்ஸில் வாரம் ஒன்று வரும். ஆப்ப சோடாவில் மட்டும் கொஞ்சம் தர்க்கம் இருக்கிறது. அது தண்ணீரைக் காரத்தன்மை உள்ளதாக்கும், புது முட்டையின் பிஎச் பிரச்சினைக்கு அது லேசாக உதவலாம். லிட்டருக்கு அரை டீஸ்பூன் போதும். கூடினால் முட்டையில் ஒரு வாடை ஏறும். வினிகரும் எலுமிச்சையும் அமிலம். ஓட்டின் சுண்ணாம்பை மேலாகக் கரைக்குமே தவிர, உள்ளே இருக்கும் சவ்வுப் பிரச்சினைக்கு அவற்றிடம் பதில் இல்லை. தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவது எதற்கு என்று ஊற்றுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். கொதிநீரில் தொடங்கிவிட்டால் இவை எதுவுமே தேவைப்படாது.

ஒரு முட்டைக்கு 32 நிமிடம்!

முட்டையை வேகவைப்பதில் இருக்கும் உண்மையான சிக்கல் வேறு. ஒரே ஓட்டுக்குள் இரண்டு பொருள், இரண்டு பதம். மஞ்சள்கரு 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கும். வெள்ளைக்கரு 62, 63 டிகிரியிலேயே இறுகத் தொடங்கினாலும், அதில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவல்புமின் என்ற புரதம் முழுசாக இறுக 80 டிகிரி வேண்டும். வெள்ளைக்கருவுக்குச் சரியாக வைத்தால் மஞ்சள்கரு வறண்டுவிடுகிறது. மஞ்சள்கருவுக்குச் சரியாக வைத்தால் வெள்ளைக்கரு கொழகொழ.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, 2025 பிப்ரவரியில் "கம்யூனிகேஷன்ஸ் இன்ஜினியரிங்" ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒரு பாத்திரத்தில் கொதிநீர், இன்னொன்றில் 30 டிகிரி தண்ணீர். முட்டையை இரண்டு நிமிடம் இதில், இரண்டு நிமிடம் அதில் என்று மாற்றி மாற்றி எட்டுச் சுற்று. மொத்தம் 32 நிமிடம். வெளியே இருக்கும் வெள்ளைக்கரு மாறி மாறிச் சூட்டை வாங்கி வெந்துவிடும். நடுவில் இருக்கும் மஞ்சள்கரு 67 டிகிரி அளவில் நிதானமாக நின்று க்ரீம் பதத்துக்கு வரும். இவர்கள் முட்டை ஆராய்ச்சியாளர்கள் இல்லை, பாலிமர் பொருட்களில் வேலை செய்பவர்கள் என்பதுதான் இதில் சுவாரசியம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் இயற்கையாகவே கிடைக்கிறது. ஆனால் காலை 8.10 பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் கரண்டியும் ஸ்டாப்வாட்சுமாக அரை மணி நேரம் நிற்பாரா என்பது வேறு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

ஆபீஸ் டப்பாவும் மைக்ரோவேவும்

காலை 8 மணிக்கு உரித்து டப்பாவில் போட்ட முட்டையை மதியம் 1 மணிக்குச் சாப்பிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். வேகவைத்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சென்னையில் அது வருடத்தில் பாதி நாள். பச்சை முட்டை வெளியில் நாள் கணக்கில் தாங்குகிறதே என்று கேட்கலாம். அதன் ஓட்டின் மேல் இயற்கையான ஒரு பூச்சு உண்டு. வேகவைக்கும்போது அது போய்விடுகிறது, நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. அதனால் ஆபீஸ் போனதும் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முந்தின நாள் இரவே வேகவைத்துக் குளிரவைத்து எடுத்துப் போவது இன்னும் வசதி. ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரை இருக்கும். பச்சை முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க மேலே பென்சிலில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

சரி, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தாயிற்று. ஜில்லென்று இருக்கிறது. பேன்ட்ரியில் மைக்ரோவேவ் இருக்கிறது. முப்பது செகண்ட் வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். ஓட்டோடு இருந்தாலும் சரி, உரித்திருந்தாலும் சரி. உரித்த முட்டையில்தான் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. மஞ்சள்கருவுக்குள் நுண்ணிய நீர்ப்பைகள் சிக்கியிருக்கும். மைக்ரோவேவில் அவை 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். வெளியே எடுத்து முள்கரண்டியால் குத்தும்போதோ, பல்லால் கடிக்கும்போதோ அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும்.

இது கதை இல்லை. அமெரிக்காவில் உணவகம் ஒன்றில் மைக்ரோவேவில் சூடாக்கிய முட்டை வாயில் வெடித்து, தீக்காயமும் காது பாதிப்பும் ஏற்பட்டதாக ஒருவர் வழக்குப் போட்டார். அந்த வழக்குக்காக ஒலியியல் நிபுணர்கள் சுமார் 100 முட்டைகளை மைக்ரோவேவில் சூடாக்கிக் குத்திப் பார்த்தார்கள். 2017 டிசம்பரில் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் கூட்டத்தில் முடிவைச் சொன்னார்கள். வெளியே எடுத்துக் குத்தியதில் ஏறக்குறைய 30 சதவீத முட்டைகள் வெடித்தன. ஒரு அடி தூரத்தில் அளந்த சத்தம் 86 முதல் 133 டெசிபல் வரை இருந்தது. காது போகிற அளவு சத்தம் வருவது அரிது என்றார்கள். ஆனால் எந்த முட்டை வெடிக்கும், எது வெடிக்காது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. கொதிநிலையைத் தாண்டிய மஞ்சள்கரு முகத்தில் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சூடாகத்தான் வேண்டும் என்றால், பேன்ட்ரியில் டீக்கு வைத்திருக்கும் வெந்நீரை ஒரு மக்கில் பிடித்து, முட்டையை ஐந்தாறு நிமிடம் அதில் போட்டு வையுங்கள். மிளகும் உப்பும் தூவி எடுத்துக்கொண்டு சீட்டுக்குப் போகலாம்.